எத்தனை சிஷ்யன் தேறினான்?

ஒரு பெரிய இயக்குநரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மாட்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அவரிடமிருந்து வந்தவர்களின் பட்டியலைப் போடுவது. பாரதிராஜா பாசறை, பாலசந்தர் பள்ளி, பாலுமகேந்திரா பட்டறை... டீக்கடையிலும் இதே கணக்குதான். உங்காளு எத்தனை டைரக்டரை உருவாக்கினாரு? எங்காளு எத்தனை பேரு தெரியுமா? கடைசியில் யாருடைய பட்டியல் நீளமோ அவர்தான் பெரிய குரு. தீர்ப்பு முடிந்தது, டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எனக்கு இந்தக் கணக்கு மேல ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம். பட்டியல் பொய்னு சொல்லலை. அந்தப் பட்டியல் எதை அளக்குதுங்கறதுதான் கேள்வி.

இந்த வியாதி நமக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் கல்லூரி பாஸ்கெட்பால் என்பது நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. அங்கே ஒரு கோச்சை எடை போடும்போது, அவர்கிட்ட உதவியாளரா இருந்தவங்க பிறகு என்ன ஆனாங்கன்னு பார்ப்பாங்க. அதுக்குக் 'கோச்சிங் ட்ரீ'ன்னே பேர். கோச் மரமாம், உதவியாளர்கள் கிளைகளாம்.

ட்யூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கி 2022இல் ஓய்வு பெற்றார். 5 முறை தேசிய சாம்பியன் (1991, 1992, 2001, 2010, 2015). ஆனால் அவர் ஓய்வு பெறும் வரை அவருடைய பழைய உதவியாளர்களில் ஒருத்தர்கூட தலைமைக் கோச்சாக அந்தப் பட்டத்தை ஜெயிக்கவில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகமான வட கரோலினாவின் டீன் ஸ்மித் 2 முறைதான் ஜெயித்தார் (1982, 1993). ஆனால் அவரிடம் உதவியாளராக இருந்த லாரி பிரவுன் 1988இல் கான்சஸ் அணிக்காக ஜெயித்தார். இன்னொரு உதவியாளர் ராய் வில்லியம்ஸ் 2005, 2009, 2017 என்று 3 முறை. லாரி பிரவுனிடம் இருந்த பில் செல்ஃப் 2008, 2022 என்று 2 முறை.

அப்போ யார் பெரியவர்? கோப்பையை எண்ணினால் ஷஷெவ்ஸ்கி. கிளையை எண்ணினால் ஸ்மித். அவங்களும் இதை வருஷக்கணக்கா பேசிக்கிட்டேதான் இருக்காங்க :-)

இதுல ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது. ஷஷெவ்ஸ்கியின் உதவியாளர் டாமி அமேக்கர். மிச்சிகனில் இருந்து 2007இல் வேலையை விட்டுத் தூக்கப்பட்டவர். அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் ஹார்வர்டு. அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது, அதனால பெரிய ஆட்டக்காரன் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். அந்த ஹார்வர்டை 2012இல் தேசியப் போட்டிக்குள் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி அவங்க உள்ளே போனது 1946இல்! மரக்கணக்குல இதுக்கு மார்க் எவ்வளவு? ஜீரோ. கோப்பை இல்லையே.

சரி, கோடம்பாக்கத்துக்கு வருவோம். இங்கே மரம் வரைவது அதைவிட சுவாரசியம்.

பாரதிராஜாவிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் மணிவண்ணன். மணிவண்ணனிடம் விக்ரமன். விக்ரமனிடம் கே.எஸ்.ரவிகுமார். ரவிகுமாரிடம் சேரன். சேரனிடம் பாண்டிராஜ். மேலே போனால் பாரதிராஜாவே கன்னடத்தின் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்தவர். புட்டண்ணா, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) எடுத்த பி.ஆர்.பந்துலுவிடம் இருந்தவர். ஆக, கட்டபொம்மனிலிருந்து 'பசங்க' (2009) வரைக்கும் ஒரே கயிறு. பாண்டிராஜின் 'நம்ம வீட்டுப் பிள்ளை' (2019) படத்தில் பாரதிராஜா தாத்தாவாக நடித்தார். அந்தப் படத்தின் இயக்குநர், உறவுமுறையில் பார்த்தால், அவருக்குக் கொள்ளுப்பேரனுக்கும் பேரன் மாதிரி ஒருத்தர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'பசங்க' படத்தோட பெருமையில பந்துலுவுக்கு எத்தனை சதவீதம்னு கேட்டா சிரிப்பு வருமா வராதா? ரெண்டாவது தலைமுறைக்கே இந்தக் கணக்கு ஆட்டம் காணும். மணிவண்ணன் 'நூறாவது நாள்' (1984) எடுத்து ஊரைப் பயமுறுத்தியவர். 'அமைதிப்படை' (1994) எடுத்து அரசியல்வாதியைத் தோலுரித்தவர். அவரிடமிருந்து வந்த விக்ரமனோ 'புது வசந்தம்', 'பூவே உனக்காக' என்று கெட்டவனே இல்லாத உலகத்தில் லாலாலா பாடவைத்தவர். யாரிடமிருந்து யார் எதைக் கத்துக்கிட்டாங்க?

பாலசந்தரிடமிருந்து வந்த சுரேஷ் கிருஷ்ணாதான் 'பாட்ஷா' (1995) எடுத்தார். 'பாட்ஷா'வில் பாலசந்தரைத் தேடினால் கிடைப்பாரா? எதிர்ப்பக்கமும் பாருங்கள். மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்ததே இல்லை. மகேந்திரன் என்றதும் 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' நினைவுக்கு வரும், சிஷ்யர் பட்டியல் சட்டென்று வராது. அதனால் மகேந்திரன் மட்டமா? அப்படிச் சொல்கிறவன் 'உதிரிப்பூக்கள்' பார்க்காதவன்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. படம் ஓடுகிற இயக்குநரின் ஆபீஸ் வாசலில்தான் கூட்டம் நிற்கும். நூறு பேர் நிற்கும்போது கெட்டிக்காரனாகப் பார்த்து நாலு பேரை எடுப்பார். அவன் பிறகு ஜெயித்தால் அது குருவின் கைவண்ணமா, இல்லை அவன் ஏற்கனவே கெட்டிக்காரனா? போதாததற்கு, பெரிய இயக்குநரிடம் இருந்தவன் என்றால் தயாரிப்பாளர் கதை கேட்கக் கூப்பிடுவார். சின்னப் படத்தில் வேலை பார்த்தவனுக்கு வாசல் கேட்டே திறக்காது. அதாவது, பட்டியல் நீளமாக இருப்பதற்குக் குருவின் பேனரே பாதிக் காரணம்.

அப்போ எதை வைத்துத்தான் அளப்பது? என் கருத்தைச் சொல்லிடறேன். சிஷ்யன் ஜெயிச்சதைப் பாக்காதீங்க. கூட இருந்தப்போ அவனுக்கு என்ன வேலை கொடுத்தார், யார் பேரைப் போட்டார்னு பாருங்க. அதைவிட முக்கியமா, அவன் தோத்த மறுநாள் குரு என்ன செஞ்சார்னு பாருங்க. ஜெயிச்சவனைச் சொந்தம் கொண்டாட ஊரே வரும். தோத்தவன் விஷயத்துலதான் குரு யாருன்னு தெரியும்.

இப்போ மறுபடி பாரதிராஜா. '16 வயதினிலே' (1977) படத்தில் உதவியாளராக இருந்தவர் பாக்யராஜ். அடுத்த வருஷமே 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துக்கு வசனம் எழுத வைத்தார். 1979இல் 'புதிய வார்ப்புகள்' படத்தில் கதாநாயகனாகவே நிறுத்தினார். அந்தக் கண்ணாடி, அந்த உடம்பு, அன்றைய ஹீரோ இலக்கணத்தில் எதுவும் பொருந்தாத ஆள்! அந்த வருஷமே பாக்யராஜ் 'சுவரில்லாத சித்திரங்கள்' எடுத்துத் தனியாகப் போய்விட்டார். கையில் இருந்த நல்ல எழுத்தாளரை யாராவது இப்படி ரெண்டே வருஷத்தில் வெளியே விடுவார்களா? சாமர்த்தியசாலி என்றால் பத்து வருஷம் அமுக்கி வைத்திருப்பான்.

மணிவண்ணன் விஷயம் இன்னும் பெரிசு. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு மணிவண்ணன்தான் கதை, வசனம். படம் ஓடவில்லை. வரிசையாக வெற்றி கொடுத்துக்கொண்டிருந்த இயக்குநருக்கு விழுந்த அடி. நம்ம ஊர் வழக்கப்படி என்ன நடக்கணும்? "அந்தப் பையன் கதை சரியில்லப்பா"ன்னு ஒரு வார்த்தை. அதோட ஆள் காலி. ஆனால் அடுத்த வருஷம் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் கதையும் மணிவண்ணனுடையதே. பெரிய வெற்றி. 1982இல் மணிவண்ணன் 'கோபுரங்கள் சாய்வதில்லை' எடுத்தார். அவரிடமிருந்து ஆர்.கே.செல்வமணி, விக்ரமன், சுந்தர்.சி, சீமான் என்று ஒரு பெரிய வரிசையே வந்தது. இந்த வரிசை முழுக்க 'நிழல்கள்' ஊத்திக்கொண்ட அந்த வாரத்தில் ஒரு ஆள் எடுத்த முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஷங்கரையும் இப்படிப் பார்க்கலாம். அவர் எடுப்பது பிரம்மாண்டம், கோடிகள், கிராபிக்ஸ். அவரிடம் இருந்த பாலாஜி சக்திவேல் 2002இல் விக்ரமை வைத்து 'சாமுராய்' எடுத்தார். எடுபடவில்லை. இன்னொரு உதவியாளர் வசந்தபாலன் அதே 2002இல் 'ஆல்பம்' எடுத்தார். அதுவும் எடுபடவில்லை. முதல் படம் தோற்ற இயக்குநருக்குக் கோடம்பாக்கத்தில் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. போன் எடுக்க மாட்டாங்க. ஷங்கர் தன் சொந்தக் கம்பெனிக் காசைப் போட்டு பாலாஜி சக்திவேலை 'காதல்' (2004) எடுக்க வைத்தார். வசந்தபாலனை 'வெயில்' (2006) எடுக்க வைத்தார். ரெண்டும் ஷங்கர் படம் மாதிரி ஒரு ஃப்ரேம்கூட இருக்காது. மதுரைத் தெரு, மெக்கானிக் ஷாப், தீப்பெட்டி, வெயில். "என்னை மாதிரி எடு"ன்னு சொல்லாம "உன்னை மாதிரி எடு"ன்னு காசு கொடுத்திருக்கார். 'எந்திரன்' வசூலை விட இந்த ரெண்டு செக்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

பாலுமகேந்திரா வேற ரகம். ஒளிப்பதிவும் அவரே, எடிட்டிங்கும் அவரே. உதவியாளருக்குக் கொடுக்க கையில் என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றும். அவர் கொடுத்தது படிப்பு. சன் டிவிக்காக அவர் எடுத்த 'கதை நேரம்' முழுக்கத் தமிழ்ச் சிறுகதைகள். அந்தச் சமயத்தில் அவரிடம் சேர்ந்தவர் வெற்றிமாறன். கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது அங்கே உதவியாளரின் வேலை. 2007ஆம் வருஷத்தைப் பாருங்கள். வெற்றிமாறனின் 'பொல்லாதவன்', ராமின் 'கற்றது தமிழ்', சீனு ராமசாமியின் 'கூடல் நகர்'. மூன்றும் ஒரே வருஷம், மூன்று பேருக்கும் முதல் படம், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அதற்கு முன்னாடியே பாலா 'சேது' (1999) எடுத்தாச்சு. 'வீடு' எடுத்த மென்மையான மனுஷனிடமிருந்து 'சேது'!

அவர் கடைசியாக இயக்கி நடித்த 'தலைமுறைகள்' (2013) படத்தைத் தயாரித்தவர் சசிகுமார். சசிகுமார் அவருடைய உதவியாளர்கூட இல்லை, பாலாவிடம் இருந்தவர். சிஷ்யனுடைய சிஷ்யன். பேரன் தாத்தாவுக்குப் படம் எடுக்கக் காசு போட்டது மாதிரி. 2014 பிப்ரவரியில் பாலுமகேந்திரா போய்ச் சேர்ந்தார். விருதுப் பட்டியலை விட இந்த ஒரு தகவல் அவருடைய பட்டறையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லுது.

இதெல்லாம் ஜெயிச்சவங்க கதை. ஜெயிக்காதவங்க?

இங்கே அனகாபுத்தூரில் எங்கள் பகுதியில் ஒரு கோ-டைரக்டர் இருக்கிறார். பேர் வேண்டாம். சாலிகிராமத்து வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் தனியாகப் படம் பண்ணவில்லை. கிளாப் அடித்து, கன்டினியூட்டி எழுதி, நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. ரெண்டு இயக்குநர்களிடம் நிறைய நாள் வேலை பார்த்திருக்கிறார்.

முதல் இயக்குநர் பெரிய ஆள். டிஸ்கஷனில் உதவியாளர்கள் வாயே திறக்கக் கூடாது. இவர் சொன்ன ஒரு காட்சி படத்தில் வந்து தியேட்டரில் கைதட்டல் வாங்கியது. டைட்டிலில் இவர் பேர் பதினஞ்சு பேரோடு சேர்ந்து அரை செகண்டு ஓடியது. பேட்டா பாக்கி. அந்த ஆபீஸிலிருந்து ரெண்டு பேர் பிறகு வெற்றிப்பட இயக்குநர் ஆனார்கள். ரெண்டாமவர் சுமாரான ஆள், மூணு படம் வரிசையாக ஓடவில்லை. அவரிடமிருந்து ஒருத்தர்கூட இயக்குநர் ஆகவில்லை. ஆனால் ஷூட்டிங் நாளில் சாயங்காலம் பேட்டா கைக்கு வந்துவிடும். ஒரு படத்தில் இவர் எழுதிய வசனத்துக்காக 'வசன உதவி' என்று தனிக் கார்டு போட்டார். சண்டை போட்டுத்தான் போட வைத்தாராம், தயாரிப்பாளரிடம்.

"யார் சார் உங்களுக்குக் குரு?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"இதென்ன கேள்வி தம்பி? ரெண்டாவது ஆளுதான். முதல் ஆளுகிட்ட நான் வேலை பாத்தேன். இவருகிட்டதான் கத்துக்கிட்டேன்."

நம்ம மரக்கணக்கில் முதல் ஆள் ஆலமரம். ரெண்டாமவர் கிளையே இல்லாத மொட்டைப் பனை. கணக்கு எவ்வளவு தப்பா இருக்கு பாருங்க.

அனகாபுத்தூர் தறி ஊர். ஒரு காலத்தில் இங்கே நெய்த துணி நைஜீரியா வரைக்கும் போனது. இப்போது மிச்சமிருக்கிறவர்கள் வாழைநாரில் எல்லாம் புடவை நெய்கிறார்கள். தறி வீட்டில் பையன் முதலில் தார்தான் சுற்றுவான். அவனை எப்போது தறியில் உட்கார வைக்கிறார்கள், அவன் இழையை அறுத்துவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில வீட்டில் முதுகில் ஒன்று விழும், திரும்பத் தார் சுற்றப் போகணும். சில வீட்டில் அறுந்த இழையை முடிச்சுப் போடக் காட்டிக்கொடுத்து, மறுபடி அங்கேயே உட்கார வைப்பார்கள். பையன் பிறகு தறியை விட்டுவிட்டு பல்லாவரத்தில் கம்பெனி வேலைக்குப் போயிருக்கலாம். அதனால் ரெண்டாவது வீட்டுக்காரர் மோசமான ஆசான் ஆகிவிடுவாரா?

"அப்போ பட்டியலே போடக் கூடாதா?"ன்னு கேப்பீங்க. போடுங்க, தாராளமா. ஆனா பேருக்குப் பக்கத்தில் இன்னும் ரெண்டு கட்டம் சேர்த்துப் போடுங்க. கூட இருந்தப்போ கிடைச்ச வேலை என்ன, கிரெடிட் என்ன? விழுந்தப்போ தூக்கிவிட்டது யார்? இந்த ரெண்டு கட்டத்தையும் நிரப்பினால் சில ஆலமரங்கள் சுருங்கிப் போகும். பேர் தெரியாத சில பேர் நிமிர்ந்து நிற்பாங்க. பாரதிராஜாவுக்கும் ஷங்கருக்கும் பாலுமகேந்திராவுக்கும் ஒரு மார்க்கும் குறையாது, கூடத்தான் செய்யும்.

பி.கு: இந்த மரத்தில் ஒரு பெண் பேர்கூட வரலையேன்னு கேட்கிறவங்களுக்கு: நியாயமான கேள்வி. அந்த ஆபீஸ்களில் பெண்களுக்கு நாற்காலி போட்டதே ரொம்பத் தாமதமாகத்தான். மணிரத்னத்திடம் இருந்த சுதா கொங்கராவின் முதல் தமிழ்ப் படம் 'துரோகி' (2010) ஓடவில்லை. அடுத்த தமிழ்ப் படம் 'இறுதிச்சுற்று' 2016இல்தான் வந்தது. அப்புறம் 'சூரரைப் போற்று' (2020). நடுவில் இருக்கிற அந்த 6 வருஷத்தை எந்த மரத்திலும் யாரும் வரைவதில்லை. அதைத்தான் வரையச் சொல்றேன்.